லாத்தாவின் நஃபில் நோன்புகள்



சென்ற டிசம்பர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமையன்று நான் தொழச் சென்ற பள்ளிவாசலில் ஜும்ஆ பயானின் பொருள் எய்ட்ஸ் நோய். உலக எய்ட்ஸ் தினம் டிசம்பர் 1இல் வருவதையொட்டி இளம் ஆலிம் ஒருவர் பேசினார். நல்ல குரல், நல்ல தயாரிப்பும்கூட. மானக்கேடு பகிரங்கமாகும் சமூகத்தில் முன்னோர் அறியாத நோய்கள் தோன்றும் என்னும் கருத்துடைய ஹதீஸை எடுத்துரைத்து, இந்நோய் விபச்சாரத்தின் கூலி என்றும், இதைச் சுமப்போர் தம் பாவத்தையே சுமக்கிறார்கள் என்றும் பேச்சை முடித்தார். பலர் தலையசைத்தார்கள். எங்கள் ஊரில் பயான் ஒலிபெருக்கி வழியே தெருக்களுக்கும் கேட்கும். இரண்டு தெரு தள்ளி, முஸல்லாவில் அமர்ந்தபடி என் லாத்தா அதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதை நான் அறிவேன். லாத்தா எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர், 2003ஆம் ஆண்டு முதல்.

தொழுகை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். பயானைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "மீன் ஆணம் நல்லா வந்திருக்கு தம்பி, சாப்பிட்டுட்டுப் போ" என்றார். வீட்டில் காத்திருப்பார்கள் என்று சொல்லி எழுந்துவிட்டேன். தெருமுனைக்கு வந்த பிறகுதான், அந்த வீட்டில் நான் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடித்தபோது இதை எழுதித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது.

லாத்தாவின் பெயரையும் ஊரையும் நான் எழுதவில்லை. எழுதுவதற்கு அவருடைய அனுமதி உண்டு. எச்.ஐ.வி. தொடர்பாக நாடாளுமன்றம் 2017இல் இயற்றிய சட்டம், ஒருவருடைய நோய்நிலையை அவர் எழுத்தில் தரும் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. அதைச் சொல்லி ஒரு தாளை நீட்டினேன். "கூடப்பிறந்தவன் கேட்டதுக்குக் கையெழுத்தா?" என்று சிரித்தார், ஆனாலும் இரண்டு முறை படித்த பிறகே கையொப்பமிட்டார்.

எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அவ்வாறே மச்சானும் எங்கள் உம்மா வீட்டுக்கு வந்தவர். வளைகுடாவில் வேலை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பு. 2002இல் விடுப்பு இல்லாமலே திரும்பி வந்தார். அங்கே வேலை அனுமதியைப் புதுப்பிப்பதற்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம், எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவர் சொன்னதெல்லாம் 'மெடிக்கல் அன்ஃபிட்' என்ற இரண்டு வார்த்தைதான். ஈரலில் ஏதோ கோளாறு என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். ஓராண்டுக்கும் மேலாக எந்த மருத்துவரையும் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை. இருமல் முற்றி, உடல் பாதியாகி, தாம்பரம் சானடோரியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது காசநோய் அவரைத் தின்று முடித்திருந்தது. அங்கேதான் எங்களுக்கும் உண்மை தெரிந்தது. 2003 டிசம்பரில் மச்சான் மவுத்தானார். அதற்கு முந்திய மாதம் லாத்தாவுக்கும் பரிசோதனை செய்தார்கள். அவருக்கும் இருந்தது. பிள்ளைகள் இருவருக்கும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இந்தக் கிருமிக்கு மருந்தில்லாத காலமன்று அது. 2001இலேயே சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத், மூன்று மருந்துகள் அடங்கிய சிகிச்சையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலர் விலையில், அதாவது நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, தருவதாக அறிவித்திருந்தார். மேலைநாடுகளில் அதன் விலை அப்போது ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கோடிக்கணக்கானோர் உயிர் பிழைத்ததற்கு அந்த அறிவிப்பு ஒரு தொடக்கம். நம் ஜும்ஆ மேடைகளில் அவர் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மச்சானுக்கு அந்த மருந்து எட்டாமற்போனதற்குக் காரணம் விலையன்று, வெட்கம். வெட்கத்தில் அவர் செலவிட்ட அந்த ஓராண்டுதான்.

மையித்து ஊருக்கு வந்தது பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்டு. காசநோய் என்று ஊருக்குச் சொல்லிவிட்டோம், அது பொய்யுமன்று. ஆனால் குளிப்பாட்ட வந்த லெப்பைக்கு உண்மையைச் சொல்லாமல் விட முடியுமா? அவரைத் தனியே அழைத்துக் காதில் சொன்னேன். அவர் மறுப்பார், அதைச் சாக்காக வைத்துக் குளிப்பாட்டாமல் அடக்கிவிடலாம் என்பது என் உள்ளத்தில் இருந்த கணக்கு. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. அந்த முதியவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "மருந்துக் கடையில ரப்பர் கையுறை இருக்கும், நல்லதா ரெண்டு ஜோடி வாங்கிட்டு வா" என்றார். இரண்டு ஜோடி ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வாங்கி வந்தேன். ஒன்றை அவர் அணிந்துகொண்டார். மற்றொன்றை என்னிடம் நீட்டினார். நெருங்கிய உறவினன் தண்ணீர் ஊற்றுவதே முறை. நான் வாங்கவில்லை. திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் விழும் ஓசையும் அவர் ஓதும் ஓசையும் கேட்டன.

மையித்தைக் குளிப்பாட்டியவர் தாம் கண்டதை மறைத்தால் அவருக்குக் கிடைக்கும் மன்னிப்பைப் பற்றிய ஹதீஸை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த லெப்பை மேலும் ஒன்பது ஆண்டுகள் எங்கள் தெருவிலேயே வாழ்ந்தார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வரவில்லை. இன்றுவரை ஊருக்குத் தெரியாமல் இருப்பது அவரால்தான்.

மச்சானுக்கு இந்நோய் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியாது. லாத்தாவுக்கும் தெரியாது. "நான் கேக்கல. கேக்க வேண்டியவன் கேட்டுக்குவான்" என்று ஒருமுறை சொன்னார். துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்து வசனத்துக்கு நான் படித்த எந்த விளக்கவுரையையும்விட அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. பயானில் பேசிய ஆலிம் அவர்களுக்கு என் பணிவான கேள்வியும் இதுவே: கணவனிடமிருந்து பெற்ற மனைவி, தாயிடமிருந்து பெற்ற குழந்தை, ஏற்றிய இரத்தத்திலிருந்து பெற்றவர் ஆகியோர் யாருடைய பாவத்தைச் சுமக்கிறார்கள்? பாவத்தினாலேயே பெற்றவர் என்றாலும், தவ்பாவின் வாசல் அவருக்கு மட்டும் அடைபட்டிருக்கிறதா?

ஆனால் ஆலிமைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அவர் அறியாமல் பேசினார். நான் செய்தது வேறு.

லாத்தாவின் இத்தா 2004 ஏப்ரலில் முடிந்தது. அம்மாதம் 1ஆம் தேதிதான் இந்திய அரசு இந்நோய்க்கான கூட்டுமருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் தொடக்க மையங்களுள் ஒன்று. ஆயினும் சிடி4 என்னும் எதிர்ப்பணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால் மருந்து என்பது அன்றைய பொதுவான அளவுகோல். லாத்தாவுக்கு அதைவிட அதிகமாக இருந்ததால் காத்திருக்கச் சொன்னார்கள். அவ்வாண்டு ரமளானுக்கு முன்பு நான் பாத்திரக் கடைக்குப் போனேன். கனமான எவர்சில்வர் தட்டொன்று, கஞ்சிக் கோப்பையொன்று, குவளையொன்று வாங்கினேன். மூன்றிலும் லாத்தாவின் பெயரை வெட்டித் தரச் சொன்னேன். "உங்களுக்குன்னு வாங்கினேன் லாத்தா" என்று கொடுத்தேன். மிகவும் மகிழ்ந்தார். கணவரை இழந்த அக்காவுக்குத் தம்பி செய்யும் சீர் என்று எண்ணியிருப்பார்.

முதல் நோன்பன்று உம்மா வீட்டில் எல்லோரும் இஃப்தாருக்கு அமர்ந்தோம். என் இளைய மகளுக்கு அப்போது மூன்று வயது. பெரிய மாமியின் மடியில் ஏறி உட்கார்ந்து, பெயர் வெட்டிய கோப்பையில் கரண்டியை விட்டாள். நான் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டேன். கஞ்சி பாயில் சிந்தியது. லாத்தா என்னைப் பார்த்தார்; பிறகு கோப்பையைத் திருப்பி, வெட்டியிருந்த தம் பெயரைப் பார்த்தார். பாயைத் துடைத்துவிட்டு, மஃரிபுக்கு நேரமாகிறது என்று உள்ளே போனார்.

இக்கிருமி ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே குவளையில் பருகுவதாலோ, தொடுவதாலோ, கட்டி அணைப்பதாலோ பரவாது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தாம்பரத்தில் ஆலோசகர் ஒருவர் அரைமணி நேரம் அமர்ந்து எனக்கு விளக்கியிருந்தார். அறிவு ஒப்புக்கொண்டது, கைதான் ஒப்புக்கொள்ளவில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்தபோது எனக்குப் பதினாறு வயது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் சுவர்களில் பார்த்த மண்டையோட்டுப் படங்கள் ஆலோசகரின் அரைமணி நேரத்தைவிட ஆழமாக உள்ளே போயிருந்தன.

லாத்தா 2006இல் மருந்தைத் தொடங்கினார். ஊருக்கு அருகிலுள்ள மையத்தைத் தவிர்த்து, அடுத்த மாவட்டத்துக்கு ஃபஜ்ரு தொழுத கையோடு முதல் பேருந்தில் போய்வருவார்; தெரிந்த முகம் எதிர்ப்படக் கூடாதல்லவா? முதலில் கொடுத்த மருந்துகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது. உயிரைக் காத்தது, ஆனால் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்துவிட்டது. கவலையில் இளைத்துவிட்டாள் என்று ஊர் பேசியது. பிறகு மாற்றிக் கொடுத்தவற்றில் எஃபாவிரென்ஸ் இருந்தது. அதை உண்டவர்களுக்கு இரவில் விசித்திரமான கனவுகள் வரும். லாத்தாவுக்கும் வந்தன. மருந்தின் வேலை என்று தெரியாமல், கனவுகளுக்கு விளக்கம் கேட்க ஓர் ஆலிமாவிடம் போகத் துணிந்துவிட்டார்; நல்லவேளை, அதற்குள் மையத்துச் செவிலியர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அதை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை, இரவு ஒன்பது மணிக்கு. டப்பாவை எடுத்தால் மாத்திரைகள் குலுங்கும் ஓசை அடுத்த அறைக்குக் கேட்கும் என்பதற்காக மேலே பஞ்சு வைத்து அடைத்திருப்பார். ரமளானில் சிரமமில்லை, காலை மாலை இருவேளை மருந்து உண்ட காலத்தில், மருத்துவரிடம் கேட்டு ஸஹருக்கும் இஃப்தாருக்குமாக நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அவருக்கும் உண்டுதான். நோன்பை விட்டால் ஏனென்று கேட்பார்களே.

ஆண்டுகளாக அவருடைய இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவில் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 200 பிரதிகளுக்கும் கீழே கிருமி தொடர்ந்து கட்டுப்பட்டிருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியாகக்கூட அது பரவுவதில்லை என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. லாத்தாவுக்கு இப்போது சர்க்கரை இல்லை, இரத்தக்கொதிப்பு இல்லை. எனக்கு இரண்டும் உண்டு.

ஓராண்டு அந்த மையத்துக்கு ஆய்வு மாணவி ஒருத்தி வந்திருக்கிறாள். எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் வாழ்க்கைத்தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த 31 கேள்விகள் கொண்ட படிவம். உறக்கம் எப்படி, உடலில் தெம்பு இருக்கிறதா, மருந்து கிடைக்கிறதா? எல்லாவற்றுக்கும் லாத்தா நல்ல மதிப்பெண்ணே கொடுத்திருக்கிறார். தெரிந்தவர்கள் உங்களை எந்த அளவுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்னும் பொருளில் ஒரு கேள்வி வந்ததாம். "என்னைத் தெரிஞ்சவங்களா, என் நோயைத் தெரிஞ்சவங்களா?" என்று லாத்தா கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

அவரைத் தெரிந்தவர்கள், அதாவது ஊர், அவரை எந்த அளவுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஊரில் அவருக்குப் பெரிய மரியாதை. இளம் வயதில் விதவையாகி, வந்த வரன்களையெல்லாம் மறுத்து, பிள்ளைகளை ஆளாக்கியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, நோன்பாளி. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் வேலை செய்வார், வெற்றிலை மடிப்பார், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். சஹனுக்கு அழைத்தால் மட்டும், "இன்னிக்கு நோன்பு" என்பார். மூவரோ நால்வரோ ஒரே தாலத்தைச் சுற்றி அமர்ந்து உண்பது நம் வழக்கம். இருபது ஆண்டுகளாக லாத்தா ஒரு சஹனிலும் கைவைத்ததில்லை. பேறுகாலம் நெருங்கிய பெண்கள் வந்து அவரிடம் துஆ கேட்டுப் போவார்கள்.

அது பொய்யோ என்று எனக்கு ஐயம் இருந்தது. டிசம்பர் பயானுக்குப் பிறகு ஒருநாள் துணிந்து கேட்டேன். "பொய் சொல்லக் கூடாதுன்னுதானே நெசமாவே நோன்பு வச்சேன்" என்றார். விருந்துக்கு அழைப்பு வந்தால் அன்றைக்கு நிய்யத் வைத்துவிடுவாராம். வெள்ளிக்கிழமை விருந்தென்றால் வெள்ளியை மட்டும் தனித்து நோற்பது மக்ரூஹ் என்பதால் வியாழனையும் சேர்த்து நோற்பாராம். ஊரில் யாருக்கும் தெரியாதே, யார் உங்களை ஒதுக்கினார்கள் என்றேன். "நாளைக்குத் தெரிய வந்தா, அன்னிக்கு நம்ம சஹன்ல கைவச்சாளேன்னு நெனச்சு யாரும் அருவருக்கக் கூடாது" என்றார். கூடப்பிறந்தவனே கையைத் தட்டிவிட்டானே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மேலே குறிப்பிட்ட சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. குடும்பமாக வாழும் வீட்டில் இந்நோய் உள்ளவருக்கு வசிக்கும் உரிமையோடு, அவ்வீட்டின் வசதிகளைப் பாகுபாடின்றிப் பயன்படுத்தும் உரிமையும் உண்டென்று அது கூறுகிறது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்த செய்தியை வாசித்தபோது, சட்டம் எழுதியவர்கள் எங்கள் வீட்டுப் பாயில் சிந்திய கஞ்சியைப் பார்த்திருப்பார்களோ என்று நினைத்தேன்.

பயானைக் கேட்டு ஏழு வாரங்களில் என் இளைய மகளின் நிகாஹ். அன்று கோப்பையில் கரண்டியை விட்ட அதே பிள்ளை. லாத்தா காலையிலேயே வந்து எல்லா வேலையும் பார்த்தார். லுஹருக்குப் பிறகு பெண்கள் பக்கம் சஹன் வைத்தபோது நான் உள்ளே ஆளனுப்பினேன். எதிர்பார்த்த பதில்தான் வந்தது. நானே போனேன். நஃபில் நோன்பாளி விருந்துக்காக நோன்பை விடலாம் என்பது நாம் படித்த மார்க்கச் சட்டம்தானே என்றேன். "நிய்யத் வச்சாச்சு தம்பி. அஸருக்கு மேல ஆயிடும், முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். கூட்டத்தின் நடுவே அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

மஃரிபுக்குச் சற்று முன்பு ஒரு தாலத்தில் சோறும் களரிக்கறியும் கத்தரிக்காய்ப் பச்சடியும் வைத்து மூடி, நானே சுமந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பெண்ணைப் பெற்றவன் அந்த நேரத்தில் வீட்டை விட்டுப் போகலாமா என்று பின்னால் யாரோ கேட்டார்கள். லாத்தா பேரீச்சம்பழத்தோடு பாங்கை எதிர்பார்த்து அமர்ந்திருந்தார். தாலத்தை அவர் முன்னே வைத்து எதிரில் அமர்ந்தேன். பாங்கு சொன்னது. நோன்பு திறந்தோம், நானும் பகல் முழுவதும் உண்ணவில்லை, ஆனால் அது நோன்பாகாது. தொழுதுவிட்டு வந்து பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைவைத்தேன். லாத்தா உடனே கைவைக்கவில்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் சோற்றைத் தம் பக்கமாகப் பிரித்து எடுத்தார். நான் அந்தக் கோட்டைத் தாண்டி அவர் பக்கத்துச் சோற்றை எடுத்து உண்டேன். சோறு ஆறிப்போயிருந்தது. சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, சின்ன வயதில் செய்வதுபோல, கொழுப்புள்ள கறித்துண்டை விரலால் என் பக்கம் தள்ளினார். எனக்குக் கொழுப்பு ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தின்றேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவருடைய பேரன் அடுப்படியிலிருந்து வந்தான். கையில் ஒரு தட்டு. அதன் விளிம்பில் வெட்டிய எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. நான் அதைப் பார்ப்பதை லாத்தா கவனித்துவிட்டார்.

"நல்ல கனமான தட்டு தம்பி. அத ஏன் வீணாக்கணும்? இவன் அதுலதான் சாப்பிடுவான்" என்றார். தாலத்திலிருந்து இரண்டு துண்டுக் கறியை எடுத்துப் பேரனின் தட்டில் வைத்தார்.